அயர்லாந்து ரயிலை அறைக்குள் ஓட்ட: ஊரும் ஆண்டும் முதலில், இஞ்சின் பிறகு

டப்ளினில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்கிறார்: "எந்த இஞ்சினை முதலில் வாங்குவது?" பெல்ஃபாஸ்டை அடுத்த கல்ட்ரா அருங்காட்சியகத்தில் 'மேவ்' என்ற 800-ஆம் எண் நீராவி இஞ்சினைப் பார்த்ததிலிருந்து, அயர்லாந்தின் பழைய ரயில்களை வைத்து ஒரு மாடல் ரயில்வே அமைக்க வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக் கூரையடி அறையில் ஒரு சுவர் நெடுக மூன்றரை மீட்டர் இடம் இருக்கிறதாம். கையில் இன்னும் ஒரு தண்டவாளத் துண்டுகூட இல்லை. மேவையும் நாலைந்து பெட்டிகளையும் வாங்கிவிட்டால் தொடங்கிவிடலாமா என்பது அவர் கேள்வி.

இஞ்சினை இப்போது வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். முதலில் ஓர் ஊரையும் ஓர் ஆண்டையும் முடிவு செய்யுங்கள். இங்கிலாந்து ரயில்களை எடுத்துக்கொள்பவர்கள் இந்த வரிசையை மாற்றினாலும் தப்பித்துக்கொள்வார்கள். எந்தக் காலமானாலும் அவர்களுக்குக் கடையில் ஏதாவது ஓர் இஞ்சின் இருக்கும். அயர்லாந்து சின்னச் சந்தை. 1955-க்குப் பிந்தைய டீசல் காலத்தை எடுத்தால், அட்டைப்பெட்டியைப் பிரித்தவுடன் ஓடக்கூடிய நல்ல மாதிரிகள் கிடைக்கின்றன. 1930-களை எடுத்தால் பெரும்பாலானவற்றைப் பித்தளைத் தகட்டிலிருந்து நீங்களே வளைத்துப் பற்றவைக்க வேண்டியிருக்கும். ஆண்டைத் தேர்ந்தெடுக்கும்போதே, நீங்கள் வாங்கப்போகிறவரா செய்யப்போகிறவரா என்பதும் முடிவாகிவிடுகிறது.

மேவ் மீது எனக்கும் மோகம் உண்டு. கிரேட் சதர்ன் ரயில்வேஸ் நிறுவனம் டப்ளின் இன்சிகோர் பட்டறையில் 1939-ல் வெளியிடத் தொடங்கிய அந்த வகையில் மொத்தம் மூன்றே இஞ்சின்கள்: மேவ், மாகா, டெய்ல்டே. மூன்றும் ஐரிஷ் புராணப் பெண்களின் பெயர்கள். பெயர்ப்பலகைகள் பழைய கேலிக் எழுத்தில் இருக்கும். அந்தத் தீவில் ஓடிய நீராவி இஞ்சின்களில் இவற்றுக்கு ஈடான வலு வேறெதற்கும் கிடையாது. ஆனால் இவை டப்ளின்–கார்க் பிரதான பாதைக்காகவே கட்டப்பட்டவை. அந்த எடைக்குக் கிளைப்பாதைகளில் வேலையே இல்லை. பிரதான பாதை ரயில் என்றால் எட்டுப் பெட்டிகளாவது வேண்டும். வழக்கமான 4 மி.மீ. அளவில், அதாவது நிஜத்தின் ஓர் அடி மாதிரியில் 4 மி.மீ. என்ற கணக்கில், ஒரு போகிப் பெட்டி ஏறக்குறைய 25 செ.மீ.; எட்டுக்கு இரண்டு மீட்டர். இஞ்சினையும் சேர்த்தால் உங்கள் சுவரில் நடைமேடை மட்டும்தான் இருக்கும், ரயில் நகர இடம் இருக்காது. மேவ் வேண்டுமானால் பிற்பாடு கண்ணாடி அலமாரிக்கு வரட்டும்.

அடுத்தது பாதையின் அகலம். அயர்லாந்தில் மாடல் ரயில்வே தொடங்குகிற எவரும் முதல் வாரமே இதில் போய் முட்டிக்கொள்வார்கள். 1834-ல் திறந்த டப்ளின்–கிங்ஸ்டவுன் பாதை, இங்கிலாந்தைப் பின்பற்றி 4 அடி 8½ அங்குலத்தில் போடப்பட்டது. பெல்ஃபாஸ்டிலிருந்து கிளம்பிய அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலத்தை எடுத்துக்கொண்டது. டப்ளின்–டிராகெடா நிறுவனமோ 5 அடி 2 அங்குலம் என்றது. இவை ஒரு நாள் ஒன்றோடொன்று சேர வேண்டியவை என்பது அப்போதுதான் உறைத்தது. மேஜர் ஜெனரல் பேஸ்லி நிபுணர்களைக் கலந்து ஒரு நடுவான அளவாக 5 அடி 3 அங்குலத்தைச் சொன்னார்; 1846-ல் அதுவே சட்டமானது. நம்முடைய அகலப்பாதை 5 அடி 6 அங்குலம். அதைவிட இது மூன்று அங்குலம் குறைவு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் பிரேசிலிலும் இதே அகலம் உண்டு.

4 மி.மீ. அளவில் இந்தப் பாதை 21 மி.மீ. வர வேண்டும். இந்த அளவு மாதிரிகளுக்குக் கடையில் கிடைக்கும் 'ஓ.ஓ.' என்ற வகைத் தண்டவாளம் 16.5 மி.மீ.தான். கணக்குப் போட்டால் அது வெறும் 4 அடி 1½ அங்குலம். இங்கிலாந்துக்காரர்களுக்கே அது குறுகல். அயர்லாந்துக்கு ஓர் அடிக்கும் மேல் குறைகிறது. இதைச் சகிக்க முடியாதவர்கள் 21 மி.மீ. பாதையைத் தாங்களே போடுகிறார்கள். ஸ்லீப்பர்களை வெட்டி, பாதை பிரியும் இடத்தில் வரும் பாயிண்ட் ஒவ்வொன்றையும் கையால் கட்டி, ஒவ்வொரு வண்டியின் அச்சையும் மாற்றுகிறார்கள். முடித்த பிறகு பார்த்தால் அழகோ அழகு. அகன்ற பாதையில் அந்த வண்டிகள் உட்கார்ந்திருக்கும் கம்பீரம் ஓ.ஓ.வில் வரவே வராது. ஆனாலும் தொடக்கத்தில் அங்கே போகாதீர்கள். முதல் ரயில் ஓடுவதற்கு முன்பே ஆர்வம் வடிந்துவிடும். 16.5 மி.மீ.யில் தொடங்கி, ஆசை இருந்தால் ஓரத்தில் ஒரு பலகைத் துண்டில் 21 மி.மீ. பாதை கொஞ்சம் போட்டு, ஒரே ஒரு வேகனுக்கு அச்சு மாற்றிப் பாருங்கள். அது பிடிபட்டால் இரண்டாவது அமைப்பை அதில் கட்டலாம்.

குறுகலை மறைக்க இரண்டு வழிகள் உண்டு. பீக்கோ நிறுவனத்தின் பழைய, மலிவான தண்டவாளத்தில் ஸ்லீப்பர்கள் ஹெச்.ஓ. என்ற சற்றுச் சிறிய ஐரோப்பிய அளவுக்கு ஏற்ப நெருக்கமாக இருக்கும். அதுதான் பாதையை இன்னும் ஒடுக்கமாகக் காட்டுகிறது. அதே நிறுவனத்தின் புல்ஹெட் வகையில் ஸ்லீப்பர் இடைவெளி 4 மி.மீ. அளவுக்கு ஏற்ப இருக்கிறது. விலை சற்றுக் கூடுதலானாலும் அதையே வாங்குங்கள். இரண்டாவது, பலகையை மேசை உயரத்துக்கு வைக்காமல் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது பாதையின் அகலம் கண்ணுக்கே தெரியாது. நேர் எதிரே நின்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

இனி எந்த ஆண்டு? கம்பெனிகளின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். தெற்கே பல கம்பெனிகளை இணைத்து 1925-ல் கிரேட் சதர்ன் ரயில்வேஸ் உருவானது. 1945-ல் அது சி.ஐ.இ. என்ற நிறுவனத்துக்குள் போனது. எல்லையைத் தாண்டி ஓடிய கிரேட் நார்தர்ன் 1958-ல் வடக்குக்கும் தெற்குக்கும் பங்கு பிரிக்கப்பட்டது. இவற்றில் எதையும் எடுக்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தெற்கையும், 1961 முதல் 1963 வரையான இடைவெளியையும் எடுப்பேன்.

காரணம் இதுதான். சி.ஐ.இ.யில் நீராவி 1963-ல்தான் முடிவுக்கு வந்தது. அதற்குள் டீசல்கள் வந்து குவிந்துவிட்டன. மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் கட்டிய ஏ வகை இஞ்சின்கள் அறுபது, 1955 முதல் ஓடின. வெள்ளி நிறத்தில் வந்து, அழுக்கேறி, சில பச்சைக்கும் சில கறுப்புக்கும் மாறிக்கொண்டிருந்தன. 1961-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து 121 வகை பதினைந்து வந்து இறங்கின, சாம்பலும் மஞ்சளுமாக. 1962 இறுதியில் 141 வகை தலைகாட்டியது. இது கறுப்பும் பழுப்புமாக, நடுவே வெள்ளைப் பட்டையோடு. பெட்டிகளில் பாதி பழைய பச்சை, பாதி புதிய கறுப்பு-பழுப்பு. ஒரே ரயிலில் மூன்று வண்ணத் திட்டங்கள் கலந்து ஓடிய காலம். இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்றால், கடையில் கிடைப்பவற்றில் பலவும் பொருந்தும். கையால் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு ஒரு நீராவி இஞ்சினையும் அதே பலகையில் கூச்சமில்லாமல் ஓட்டலாம். வேறு எந்த இரண்டு ஆண்டும் இவ்வளவு இடம் கொடுக்காது.

கடைச் சரக்கைப் பற்றி: டப்ளினின் மர்ஃபி மாடல்ஸ் 141, 181, 121 வகைகளையும் கிரேவன்ஸ் பெட்டிகளையும் 4 மி.மீ. அளவில் கொண்டுவந்திருக்கிறது. ஐரிஷ் ரயில்வே மாடல்ஸ் நிறுவனம் ஏ வகையையும் பலவிதமான வேகன்களையும் தந்திருக்கிறது. கிரேவன்ஸ் பெட்டி 1963-ல்தான் ஓடத் தொடங்கியது. 1961 என்று முடிவு செய்தால் அதைத் தொடாதீர்கள். எல்லாமே குறைந்த எண்ணிக்கையில் அச்சடித்தாற்போல ஒரு சுற்று வரும். தீர்ந்தால் தீர்ந்ததுதான், அடுத்த சுற்றுக்குப் பல ஆண்டுகள் ஆகலாம். இரண்டாம் கை விலை அதற்குள் ஏறிவிடும். பழைய சரக்கை வாங்குமுன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் மெதுவாக ஊர்ந்தால் எடுங்கள், வேகமாக மட்டும் ஓடினால் விட்டுவிடுங்கள். நீங்கள் கட்டப்போகும் நிலையத்தில் வேகத்துக்கு வேலையே இல்லை.

உங்கள் முதல் இஞ்சின் 121 ஆக இருக்கட்டும். அதற்கு ஒரு பக்கம் மட்டுமே ஓட்டுநர் அறை. நீண்ட மூக்கை முன்னால் வைத்து ஓட்டினால் ஓட்டுநருக்குப் பாதை சரியாகத் தெரியாது. அதனால் நீராவி இஞ்சினைத் திருப்புவதுபோல் இதையும் சுழல்மேடையில் ஏற்றித் திருப்பினார்கள். டீசல் காலத்திலும் சுழல்மேடைக்கு வேலை இருக்கிறது என்றால், மாடல் கட்டுபவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இஞ்சின் 4 மி.மீ. அளவில் 16 செ.மீ.தான், சின்ன மேடையே போதும்.

நீராவி பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு மனம் ஆறாது. அயர்லாந்தின் உண்மையான கதாநாயகன் மேவ் அல்ல, ஜே15. கிரேட் சதர்ன் அண்ட் வெஸ்டர்ன் கம்பெனிக்காக 1866-ல் தொடங்கி 1903 வரை 111 இஞ்சின்கள் கட்டப்பட்டன. அந்த நாட்டில் இத்தனை எண்ணிக்கையில் வேறெந்த வகையும் இல்லை. ஆறு சக்கரம், உள்ளே சிலிண்டர், எந்தப் பகட்டும் இல்லை. சரக்கு, பயணிகள், கால்நடை என்று கொடுத்ததையெல்லாம் இழுத்து, நீராவியின் கடைசி ஆண்டுவரை வேலை செய்தது. 186-ஆம் எண்ணை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஓ.ஓ. வொர்க்ஸ் என்ற சிறு நிறுவனம் இதைக் கொஞ்சம் எண்ணிக்கையில் ஓடும் நிலையில் விற்றது. ஸ்டுடியோ ஸ்கேல் மாடல்ஸ் நாமே பாகங்களைச் சேர்த்துக் கட்டும் பித்தளைத் தகட்டுக் கிட்டாகத் தருகிறது. தொடக்கக்காரருக்கு ஒரு வரப்பிரசாதம், இதன் நிறம். கிரேட் சதர்ன் காலத்திலும் சி.ஐ.இ. காலத்திலும் பெரும்பாலான இஞ்சின்களுக்கு உடல் முழுக்கச் சாம்பல் பூச்சு. கோடும் கிடையாது, பளபளப்பும் கிடையாது. கரியும் துருவும் அதன்மேல் படிந்திருக்கும். கை நடுங்கினாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கிட் கட்டத் தயக்கமாக இருந்தால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ரிச்சர்ட் மான்செல் டப்ளின்காரர், இன்சிகோரில் தலைமைப் பொறுப்பில் இருந்துவிட்டு இங்கிலாந்தின் தென்கிழக்கு ரயில்வேக்குப் போனவர். அங்கே அவர் வடிவமைத்த என் வகை இஞ்சின்களை முதல் உலகப் போருக்குப் பின் வூலிச் ஆயுதச்சாலையில் பாகம் பாகமாகத் தயாரித்தார்கள். எஞ்சிய பாகங்களை அயர்லாந்து மலிவாக வாங்கி, 5 அடி 3 அங்குலப் பாதைக்கு ஏற்பப் பூட்டிக்கொண்டது. இப்படி வந்தவை இருபத்தாறு. 'வூலிச்' என்றே அவற்றுக்குப் பெயர். பாக்மன் நிறுவனம் ஆங்கிலேய என் வகையை ஓ.ஓ.வில் செய்திருக்கிறது. அதை வாங்கிச் சாம்பல் பூசி, எண் மாற்றினால், நியாயமான ஓர் ஐரிஷ் இஞ்சின் தயார். பொய் சொல்லாத மாற்று வேடம் என்றால் இதுதான். இதே துணிச்சலில் கண்ட ஆங்கிலேய இஞ்சினுக்கெல்லாம் சாம்பல் அடிக்காதீர்கள்.

இப்போது ஊர். கால்வே மாவட்டத்தில் லாக்ரே என்று ஒரு சிற்றூர். டப்ளின்–கால்வே பாதையில் உள்ள அட்டிமன் சந்திப்பிலிருந்து ஒன்பது மைல் கிளைப்பாதை 1890-ல் அங்கே போனது. 1975 வரை தாக்குப்பிடித்தது. நாட்டின் கடைசிக் கிராமக் கிளைப்பாதைகளில் ஒன்று. பயணிகள் பெட்டி ஒன்றும் சரக்கு வேகன்கள் சிலவும் சேர்ந்த கலப்பு ரயில் வந்துபோகும். மூன்றரை மீட்டருக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரியை நான் பார்த்ததில்லை. ஒரு சிக்கல்: அங்கே ஓடியது ஜி வகை என்ற நான்கு சக்கர டாய்ட்ஸ் டீசல், உங்களிடம் இருக்கப்போவது 121. அதனால் லாக்ரேயை அப்படியே பிரதி எடுக்காமல், அதே மாவட்டத்தில் கொஞ்சம் கனமான தண்டவாளம் போட்ட ஒரு கற்பனை ஊரைப் படைத்துக்கொள்ளுங்கள். ஊர் பொய்யாக இருக்கலாம். கூட்ஸ் ஷெட்டின் கதவு எந்தப் பக்கம், மாடுகளை வண்டியில் ஏற்றும் மாட்டு மேடை எங்கே என்பவை மெய்யாக இருக்க வேண்டும்.

அதற்கு இரண்டு புதையல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1888 முதல் 1913 வரை அளந்து வரைந்த, மைலுக்கு 25 அங்குல அளவுள்ள அரசு வரைபடங்கள் இணையத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பாயிண்டும் அதில் தெரியும். காகிதத்தில் ஒரு மி.மீ. என்பது நிலத்தில் இரண்டரை மீட்டர். உங்கள் பலகையில் 33 மி.மீ. இருநூறு மீட்டர் நிலையம் 2.6 மீட்டராகிவிடும் என்பதால் கொஞ்சம் சுருக்கத்தான் வேண்டும். சுருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் நசுக்காமல், வேகன்களை ஒதுக்கி நிறுத்தும் பக்கப்பாதையான சைடிங் ஒன்றை அடியோடு எடுத்துவிட்டு மற்றதை நிம்மதியாக நீட்டுங்கள். மற்றொன்று, அயர்லாந்து தேசிய நூலகத்தில் உள்ள ஓ'டே புகைப்படத் தொகுப்பு. ஜேம்ஸ் ஓ'டே 1937 முதல் 1966 வரை ரயில்களையும் நிலையங்களையும் ஆயிரக்கணக்கில் படமெடுத்தார். இஞ்சினை விட்டுவிட்டு அதன் பின்னால் தெரிவதைப் பாருங்கள்: நடைமேடைச் சரளை, சாய்த்து வைத்த சைக்கிள், கைகாட்டி மரத்தின் ஏணி, பால் கேன்கள்.

பலகை: 9 மி.மீ. பிளைவுட், 45 செ.மீ. அகலம். 2.4 மீட்டருக்கு நிலையம், மீதமுள்ள 1.1 மீட்டர் ஒரு சாலைப் பாலத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். அங்கேதான் ரயில்கள் 'சந்திப்பிலிருந்து' புறப்படும். இந்தப் பொழுதுபோக்கில் அதை ஃபிடில் யார்டு என்பார்கள். நிலையத்தில் ஒரு நடைமேடை, இஞ்சின் சுற்றி வர ஒரு லூப், கூட்ஸ் ஷெட்டுக்கு ஒரு சைடிங், மாட்டு மேடைக்கு ஒன்று, சுழல்மேடைக்கு ஒரு குட்டைத் துண்டு. பாயிண்டுகளில் சிறிய வளைவுடையதை வாங்காமல் நடுத்தர வளைவை வாங்குங்கள்; ஒன்று 22 செ.மீ. நீளம் பிடிக்கும். 121 ஒன்று, போகிப் பெட்டி ஒன்று, நான்கு வேகன், சூடேற்றும் வேன், கார்டு வேன் என்றால் ரயில் ஏறக்குறைய 90 செ.மீ. நீளம் வரும். நடைமேடையை அதற்கேற்ப அளந்துகொள்ளுங்கள்.

அந்தச் சூடேற்றும் வேனைக் கொஞ்சம் கவனியுங்கள். நீராவி இஞ்சின் தன் கொதிகலனிலிருந்தே பெட்டிகளுக்குச் சூடு அனுப்பியது. புதிய டீசல்களில் அந்த ஏற்பாடு இல்லை. அதனால் கொதிகலன் ஒன்றைச் சுமந்த நான்கு சக்கர வேன், குளிர்காலத்தில் ரயிலோடு புகை விட்டுக்கொண்டே போனது. பெரிய போகிப் பெட்டிக்குப் பக்கத்தில் குள்ளமாக, தகர டப்பாபோல் இருக்கும். பெயரும் 'தகர வேன்' என்றே வந்துவிட்டது. இந்த ஒரு வண்டியைப் பார்த்தாலே விவரம் தெரிந்தவர்களுக்கு நாடும் காலமும் விளங்கிவிடும்.

கலப்பு ரயிலில் பயணிகள் பெட்டி எப்போதும் இஞ்சினை ஒட்டியே இருக்கும். சரக்கு வேகன்களுக்குத் தொடர் பிரேக் கிடையாது, பெட்டிக்கு உண்டு, அது இஞ்சினோடு குழாயால் இணைந்திருக்க வேண்டும். வேகன்கள் பின்னால், கார்டு வேன் கடைசியில். இந்த விதிதான் உங்கள் விளையாட்டின் உயிர். ரயில் வந்து நிற்கிறது. இஞ்சின் கழன்று, லூப் வழியாகச் சுற்றிப் பின்பக்கம் வந்து கார்டு வேனைப் பிடிக்கிறது. வேகன்களோடு சேர்த்து அதை இழுத்துக்கொண்டு போய், கார்டு வேனை லூப்பில் விட்டு, வேகன்களைச் சைடிங்கில் தள்ளுகிறது. இதுவரை சுலபம். திரும்பிப் போகும்போது முனையிலிருக்கும் தடுப்புக் கட்டைப் பக்கம்தான் ரயிலின் வால். எனவே பெட்டியை வெளியே இழுத்து ஒதுக்கி, முதலில் கார்டு வேனைத் தடுப்புக் கட்டைவரை தள்ளி, அதனோடு சரக்கு ஏற்றிய வேகன்களைச் சேர்த்து, பிறகு பெட்டியைக் கொண்டுவந்து கோக்க வேண்டும். இடையில் இஞ்சினைச் சுழல்மேடையில் திருப்ப வேண்டும். நிதானமாகச் செய்தால் ஒரு ரயிலுக்கு அரை மணி நேரம் ஓடிவிடும். வட்டப்பாதையில் சுற்றிச் சுற்றி ஓடும் ரயிலை எத்தனை நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்?

வேகன்களில் கால்நடை வண்டிகளை அதிகமாக வையுங்கள். மாட்டுச் சந்தைதான் அந்த ஊர்களின் பெரிய நாள். முந்தைய இரவே காலி வண்டிகள் வந்து சைடிங்கை அடைத்துக்கொள்ளும். அயர்லாந்தின் பழைய மூடு வேகன்களில் பலவற்றுக்குக் கூரையின் நடுப்பகுதி திறந்திருக்கும். மாடு ஏற்றினால் அப்படியே, சரக்கு ஏற்றினால் மேலே தார்ப்பாய். கிருமி அண்டாமல் சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கறை பலகைகளில் வழிந்திருக்கும். இதை உலர்ந்த தூரிகையால் வெள்ளை தொட்டு இழுத்தால் கொண்டுவந்துவிடலாம். வேகனின் நிறம் சாம்பல். அடிச்சட்டமும் அதே சாம்பல். ஆங்கிலேய வழக்கத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அடிப்பாகத்தைக் கறுப்பாக்கிவிடுவார்கள்; உடனே வேகன் கடல் தாண்டிவிடும். பக்கவாட்டில் சி.ஐ.இ.யின் பழைய சின்னம், டப்ளின் டிராம் கம்பெனியிடமிருந்து வந்தது. இறக்கை வைத்த சக்கரம்போல் தோன்றும் அதற்கு மக்கள் வைத்த பெயர் பறக்கும் நத்தை. ரயில்களின் வேகத்தை மனத்தில் வைத்துத்தான் வைத்திருப்பார்கள். ஒட்டுப்படங்கள் கிடைக்கின்றன.

ஊரின் தோற்றத்தில் மூன்று நான்கு விஷயங்கள் சரியாக இருந்தால் போதும். சாந்து இல்லாமல் அடுக்கிய சுண்ணாம்புக்கல் மதில்கள். சிவப்புப் பூசிய வளைகூரை வைக்கோல் கொட்டகை. பச்சைத் தபால் பெட்டி. வடக்கே போனால்தான் அது சிவப்பு. நிலையப் பெயர்ப்பலகையில் ஐரிஷும் ஆங்கிலமும். சாலையில் சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டர் ஒன்று, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்று. பீட்டிலை 1950-லேயே டப்ளினில் பூட்டத் தொடங்கிவிட்டார்கள் என்பதால் கேள்வி எழாது. புல்லை மட்டும் தாராளமாகப் போடுங்கள், சைடிங்கில் தண்டவாளங்களுக்கு நடுவிலும் கூட. ஆனால் கடையில் விற்கும் கிளிப்பச்சையை அப்படியே தூவாதீர்கள். மேகம் மூடிய வானத்தின் கீழே அந்தப் பச்சை அடங்கித்தான் இருக்கும்.

வடக்கின் கவர்ச்சியை மறைக்க மாட்டேன். கிரேட் நார்தர்னின் வான்நீல இஞ்சின்கள், 1947-ல் தொடங்கிய டப்ளின்–பெல்ஃபாஸ்ட் என்டர்பிரைஸ் ரயில், எல்லை நிலையங்களில் சுங்க அதிகாரிகள் மூட்டை முடிச்சுகளைக் குடையும் காட்சி எல்லாம் அருமையான கரு. ஃபின்டோனாவில் சந்திப்பிலிருந்து ஊருக்கு 1957 வரை ஒரு குதிரைதான் டிராம் பெட்டியை இழுத்தது. எந்தக் குதிரை வந்தாலும் பெயர் டிக். ஆனால் இவற்றுக்குக் கடைச் சரக்கு குறைவு.

3 அடி குறும்பாதைகளும் அப்படித்தான். டோனிகால் மாவட்டத்தின் சிவப்பும் வெண்ணெய் நிறமுமான ரயில்கார்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அந்தப் பாதை 1959 கடைசி நாளோடு மூடப்பட்டது. கடைசி இரண்டு ரயில்கார்கள் ஐல் ஆஃப் மேன் தீவுக்குப் போய்ச் சேர்ந்தன. கணக்கு இங்கே விசித்திரமாக இணக்கம் காட்டுகிறது: 4 மி.மீ. அளவில் 3 அடி சரியாக 12 மி.மீ.; ஐரோப்பிய மீட்டர் பாதை மாதிரிகளுக்கான 12 மி.மீ. தண்டவாளம் கடையில் இருக்கிறது. அகலத்தில் துளியும் சமரசம் வேண்டாம். வண்டிகளை மட்டும் நீங்களே கட்ட வேண்டும். ஜே15 ஒன்றைக் கட்டி முடித்த கையோடு இதற்கு வாருங்கள்.

நேரில் பார்க்க: மாலஹைடில் உள்ள கசினோ மாடல் ரயில்வே அருங்காட்சியகத்தில், இன்சிகோரில் வேலை பார்த்த சிரில் ஃப்ரை கையால் செய்த ஐரிஷ் ரயில்கள் இருக்கின்றன. டப்ளினிலிருந்து உள்ளூர் ரயிலிலேயே போகலாம். உண்மை அளவில் தொட்டுப் பார்க்க வைட்ஹெட் அருங்காட்சியகமும், ஏ, ஜி வகை டீசல்கள் நிற்கும் டவுன்பேட்ரிக் பாதையும். அளவு நாடாவும் கேமராவும் கொண்டுபோங்கள். வேகன்களின் அடிப்பாகத்தையும் கூரையையும் படமெடுங்கள், அந்தப் படங்கள்தான் எங்கும் கிடைக்காதவை.

மின்சாரத்துக்கு, ஓர் இஞ்சின் ஓடும் நிலையத்துக்குச் சாதாரண டி.சி. கட்டுப்பாட்டுக் கருவி தாராளம். இஞ்சின் உறுமும் ஒலி வேண்டுமென்றால் டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்குப் போகலாம், அவசரமில்லை. ஆனால் எதுவாயினும் தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கம்பி பற்றவையுங்கள், இணைப்புத் தகடுகளை நம்பாதீர்கள். ஷண்டிங்கில் இஞ்சின் ஊர்ந்துதான் போகும். ஒரு நொடி மின்சாரம் தடைப்பட்டாலும் நின்றுவிடும். பாயிண்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் நடுமூக்கும் மின்சாரம் கடத்துவதாக இருக்கட்டும்.

கடைசியாக உங்கள் கூரையடி அறை. கோடையில் அது வேகும், குளிர்காலத்தில் விறைக்கும். கூரைக்கு உட்புறம் வெப்பத்தடுப்பு போடாமல் பலகையைக் கொண்டுபோகாதீர்கள், மரம் முறுக்கிக்கொள்ளும். தண்டவாளத்தைக் குளிர்நாளில் பதித்தால், ஒவ்வொரு மீட்டர் இணைப்பிலும் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுப் பதியுங்கள். ஜூலையில் அந்த இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். விடாமல் போனால் பாதை பக்கவாட்டில் புடைத்துக் கிளம்பும்.